ஸ்க்ரீப் பாணி நாடகத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். பிரெஞ்சு நாடகாசிரியர் யூஜேன் ஸ்க்ரீப் (1791–1861) பற்றிய கட்டுரைக்கு இரண்டு சொற்கள் வேண்டும். அவர் நிலைநிறுத்திய நாடக வகையான 'பியேஸ் பியன் ஃபெத்'துக்கு (சொல்லுக்குச் சொல், நன்றாகச் செய்த நாடகம்) 'நன்கமைந்த நாடகம்' சரிவருமா? விமர்சகர் சார்சே புழக்கத்தில் விட்ட 'ஸேன் அ ஃபேர்' (எழுதியே ஆகவேண்டிய காட்சி) என்பதற்கு 'கட்டாயக் காட்சி' என்று எழுதியிருக்கிறேன்.

———

> 'நன்கமைந்த நாடகம்'

வேண்டாம். "ஸ்க்ரீப் நன்கமைந்த நாடகங்கள் எழுதினார்" என்றால் நல்ல நாடகங்கள் எழுதினார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது வகைப்பெயர். பின்னாளில் பெர்னார்ட் ஷா இதே வகையை நையாண்டி செய்தார். அந்த வாக்கியத்திலும் சொல் பொருந்த வேண்டும்.

பெயர் வைக்குமுன் பொறி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். 'ஒரு குவளைத் தண்ணீர்' (1840), ஐந்து அங்கம். இங்கிலாந்து ராணி ஆன், மார்ல்பரோ சீமாட்டி இருவருக்கும் மேஷம் என்ற இளம் அதிகாரி மேல் கண். ராணி தண்ணீர் கேட்டால் அது மேஷமுக்கான சைகை. இதைச் சீமாட்டியின் எதிரி போலிங்புரோக் அவள் காதில் முன்கூட்டியே போட்டுவைக்கிறார். ராணி கேட்கிறாள், சீமாட்டி பதறுகிறாள், தண்ணீர் ராணியின் ஆடையில் கொட்டுகிறது. சீமாட்டி வீழ்கிறாள், ஆட்சி மாறுகிறது, பிரான்சோடு சமாதானம் வருகிறது.

சைகை இன்னதென்று அவையோருக்கு முன்பே தெரியும். அதனால்தான் குவளை வரும்போது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அந்த முன்னேற்பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கைதவறிக் கொட்டிய தண்ணீர் மட்டும். ஸ்க்ரீபைப் பார்த்து எழுதியவர்கள் பலர் சறுக்கிய இடம் இதுதான்: ரகசியத்தை உடைக்கும் கடிதம் கடைசி அங்கத்தில் வந்துவிடும், முதல் அங்கத்தில் அதற்கு விதை இருக்காது.

ஒவ்வொரு நிகழ்வும் அடுத்ததைப் பிடித்திழுப்பதால் 'கண்ணி நாடகம்' என்கிறேன். கண்ணி என்றால் சங்கிலியின் வளையம், விலங்கைச் சிக்கவைக்கும் பொறியும்கூட.

———

> 'கண்ணி நாடகம்'

அழகான சொல், ஆனால் இடம் காலியில்லை. இலக்கியத்தில் கண்ணி என்றதும் தாயுமானவரின் பராபரக்கண்ணி போன்ற ஈரடிப் பாட்டுதான் நினைவுக்கு வரும். கண்ணிகளால் ஆன இசைநாடகமோ என்று மாணவர் குழம்புவார்.

'செய்நேர்த்தி நாடகம்' எப்படி? பிரெஞ்சு மூலத்தில் இருப்பதும் செய்தல்தான். ஸ்க்ரீப் பட்டு வணிகரின் மகன். கூட்டாளிகளோடு வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, இசைநாடகங்களையும் சேர்த்து முந்நூறுக்கு மேல் எழுதியவர். பட்டறைச் சொல் அவருக்குப் பொருந்தும். பாராட்ட நினைப்பவர் "என்ன செய்நேர்த்தி!" என்பார், ஷா பக்கம் நிற்பவர் "வெறும் செய்நேர்த்தி" என்பார்.

ஒரு எச்சரிக்கை: 'செய்நேர்த்தியான நாடகம்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஆன' ஒட்டியதும் மறுபடி பாராட்டாகிவிடும்.

———

> பட்டறைச் சொல் அவருக்குப் பொருந்தும்

ஒப்புக்கொள்கிறேன், கண்ணியைக் கழற்றிவிடலாம். ஆனால் 'கட்டாயக் காட்சி'யும் ஆகாது, வலிந்து திணித்த காட்சி என்று ஒலிக்கிறது. சார்சே சொன்னது நேர் எதிர். ரகசியத்தை வைத்திருப்பவரும் ஏமாந்தவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியை அவையோர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் அதைத் திரைக்குப் பின்னால் முடித்துவிட்டு வேலைக்காரன் வாயால் சொல்லவைத்தால் ஏமாற்றம். அதாவது அந்தக் காட்சி ஆசிரியர் பட்ட கடன். 'கடன்காட்சி' எனலாம். வங்கி நினைவு வந்தால் வரட்டும். இங்கும் வட்டி ஏறத்தான் செய்கிறது.

———

நன்றி. இப்படித் திருத்தியிருக்கிறேன்: "செய்நேர்த்தி நாடகத்தில் முதல் அங்கம் ரகசியத்தை அவையோரிடம் ஒப்படைக்கிறது, கடன்காட்சியில் அது பாத்திரங்களுக்கு வெளிப்படுகிறது." இரண்டும் சேர்ந்து வரும்போது இடறவில்லை. 'கடன்காட்சி'யை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுகிறேன். பிரித்தால் கடன் வாங்கும் காட்சி ஆகிவிடுகிறது.