மழையில் முன்கண்ணாடி புகார் படிந்தால் ஏசிப் பலகையைப் பார்ப்பதா, வீதியைப் பார்ப்பதா?

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் படிப்பிக்கிறேன், தினமும் காரில்தான் போய் வருகிறேன். பதினொரு வருடம் வைத்திருந்த பழைய காரில் ஏசிக்கு மூன்று திருகு. இடக்கையால் தடவி, ஓரத்தில் இருந்ததைக் கடைசிவரை திருப்பினால் காற்று முன்கண்ணாடிக்குப் போய்விடும். கண் வீதியிலேயே இருக்கும். இப்போதுள்ள ஜப்பான் காரில் அந்த இடத்தில் வெறும் கண்ணாடித் தகடு. விரலுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

போன மாரியில் ஒரு பின்னேரம், குருக்கள்மடம் தாண்டும்போது கண்ணாடி முழுக்கப் புகார். பின்சீட்டில் மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் நனைந்த உடுப்போடு. தகட்டைத் தொட்டேன், காற்றின் வேகம்தான் கூடியது. குனிந்து பார்த்துத் திரும்பவும் தொட்டேன். நிமிர்ந்தால் நடு வீதியில் மாடு. பிரேக் பிடித்து நின்றபோது அதற்கும் பொனட்டுக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஐம்பதில் ஓடினால் செக்கனுக்கு 14 மீற்றர். மூன்று செக்கன் குனிந்திருந்தால்கூட 40 மீற்றருக்கு மேல் பார்க்காமல் ஓடியிருக்கிறேன், அதுவும் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு. பழகினால் சரிவரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திருகு உள்ள பலகையாக மாற்றிப் பூட்டலாமா?

கல்முனை கராஜ்:
மாற்ற வேண்டாம் டீச்சர், வயரிங் முழுக்க அந்தத் தகட்டோடு சேர்ந்தது. முதலில் புகார் உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். உள்பக்கம் விரலால் கோடு இழுத்தால் தெரியும். உள்ளே என்றால் அது மூச்சும் ஈர உடுப்பும். காருக்குள் அம்புக்குறி வளைந்து திரும்புகிற படம் எரிந்தால் உள்காற்றே சுற்றுகிறது, ஈரம் வெளியேறாது. வெளிக்காற்றுக்கு மாற்றி ஏசியையும் போட்டு வையுங்கள், அது ஈரத்தை இழுத்துவிடும். வெளியே என்றால் குளிர் கூடிவிட்டது. வைப்பரைப் போட்டு, குளிரைக் குறையுங்கள். வானம் இருண்டிருந்தால் இதையெல்லாம் கேற்றுக்கு உள்ளேயே செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஆரையம்பதி வான்:
அக்கா, என் வானிலும் இதே தகடுதான். மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை, கல்லு வைத்த பொட்டு, முன்கண்ணாடிப் படத்துக்கு நேர் கீழே பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டினேன். விரல் பொட்டில் பட்டதும் ஓர் அங்குலம் மேலே அமர்த்துவேன். இரண்டு வருடமாக ஸ்கூல் ஓட்டம் ஓடுகிறேன், இன்னும் விழவில்லை.

வாவிக்கரை:
பழகினால் சரி என்பதை நான் ஏற்க மாட்டேன். சுவீடனின் வீ பிலாகரே சஞ்சிகை 2022இல் கார்களை 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவைத்து, ஏசி, ரேடியோ மாதிரி நாலு சின்ன வேலைகளுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தது. ஓட்டியவர்களுக்குக் காரைப் பழக முன்பே நேரம் கொடுத்திருந்தார்கள். பட்டன் வைத்த 2005 வொல்வோ பத்து செக்கனில், 306 மீற்றருக்குள் முடித்தது. திரை வைத்த புதுக் கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.6 செக்கன், 1,372 மீற்றர். உங்கள் கையில் பிழை இல்லை டீச்சர்.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கெப், சிக்னல், ஹசார்ட் லைட், வைப்பர், ஹோர்ன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு நிஜப் பட்டன் இருக்க வேண்டும் என்று 2026 விதிகளில் எதிர்பார்க்கிறது. ஏசி அதில் இல்லை. நமது மாரிக்கு முன்கண்ணாடிக் காற்றையும் அதில் சேர்த்தே ஆகவேண்டும்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. முற்றத்தில் வைத்துப் பார்த்தேன், வளைந்த அம்புதான் எரிந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் போட்டது, அப்படியே விட்டிருக்கிறேன். தம்பி, பொட்டும் ஒட்டியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் தேடினேன், எட்டுத் தரம் சரியாகப் பட்டது. மற்ற இரண்டும் சரிவரும்வரை மழைக்குள் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.