புதுப்பிப்பு: பெல்லட் ஸ்டவ் சொன்ன பேச்சு கேட்கிறது

போன வாரம் புலம்பியிருந்தேனே, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டு பெல்லட் ஸ்டவ்வில் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளான பெல்லட்டை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு) தீ பற்றி எரிகிறது, ஆனால் சூட்டை 1-லிருந்து 5-க்கு ஏற்றினாலும் ஒரு மாற்றமும் இல்லை என்று? ஸ்டவ்வை இயக்கும் மின்பலகையான கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்றுதான் பலரும் சொன்னீர்கள். நானும் நம்பி, புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பிவிட்டேன்.

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி தெர்மோகப்பிள், அதாவது சூட்டை உணரும் சென்சார். பிளக்கைப் பிடுங்கி, ஸ்டவ் முழுக்க ஆறியபின் திறந்தால், அதன் நுனியில் சாம்பல் கெட்டியாக அப்பியிருந்தது. அது தீயின் சூட்டை உணர்ந்தால்தான் எங்கள் ஸ்டவ் பற்றவைக்கும் கட்டத்தைத் தாண்டும். அதுவரை பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் சட்டை செய்யாது. பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். தளர்ந்திருந்த கனெக்டரையும் அழுத்திச் செருகினேன். அவ்வளவுதான் வேலை.

அப்புறம், சுவர் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து ஸ்டவ்வைக் கட்டுப்படுத்தும் கருவி) இணைத்திருப்பவர்கள் அதையும் பாருங்கள். சில மாடல்களில் அறை சூடானதும் ஸ்டவ் தானாகவே குறைந்த நிலைக்கு இறங்கிவிடும். பட்டன் செத்துவிட்டது போலத் தெரியும். இந்தச் சந்தேகத்தில் எனக்கு அரை நாள் போனது.

நேற்றிரவு 4-க்கு ஏற்றினேன். பெல்லட் சடசடவென்று விழ ஆரம்பித்தது.