மாநிலத்துக்கு ஒரு நாயகர் அணி: நின்றுபோன கருத்தை நம் எல்லைப் பகுதியில் மீட்டெடுப்பது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வெலின் ‘சிவில் வார்’ கதை 2007-இல் முடிந்தபோது, அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனியே ஒரு நாயகர் அணியை அமைக்கும் திட்டத்தை டோனி ஸ்டார்க் (அயர்ன் மேன்) நடைமுறைக்குக் கொண்டுவருவார். அதையொட்டி அதே ஆண்டில் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ்: தி இனிஷியேட்டிவ்’ தொடர் 35 இதழ்களோடு 2010-இல் நின்றுவிட்டது. கலிபோர்னியா அணிக்கென்று வந்த ‘தி ஆர்டர்’ பத்தே இதழ்களில் முடிந்தது. மற்ற அணிகளில் பெரும்பாலானவை ஓரிரு கட்டங்களில் வரிசையாக நின்று முகம் காட்டியதோடு சரி. இவ்வளவு பெரிய கருத்தை இப்படிப் பாதியில் விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்தக் கருத்தின் மீது எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சித்திரக்கதை இதழான முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. எனக்கு அந்த இதழ்கள் பல ஆண்டுகள் கழித்து, பொள்ளாச்சியின் பழைய புத்தகக் கடையில்தான் கிடைத்தன. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அல்லவா? அவர் எங்கள் ஊருக்கு வந்தால் எதைத் தொட்டு மறைவார் என்று யோசித்து, எங்கள் தோட்டத்து மோட்டார் அறையின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஃபியூஸ் கட்டையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். நாயகன் நம் ஊருக்கு வரவேண்டும் என்ற அந்த ஆசைக்கு மாநில அணி என்ற கருத்து பதில் தந்தது.

இப்போது கேரள, ஆந்திர எல்லைகளில் வாழும் தமிழர்களைக் கொண்டு ஓர் அணியை எழுதி வரைய முயல்கிறேன். கேரளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பெண் ஒருத்தி, மூணாற்று இளைஞன் ஒருவன், ஆந்திரத்து நகரியிலிருந்து ஒருவர் என மூவரை வைத்திருக்கிறேன். இருபது பக்கங்கள் வரைந்து முடித்த பிறகு திரும்பப் படித்தால், கதையை அப்படியே சென்னைக்கு மாற்றினாலும் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிராது என்று தோன்றுகிறது. பழைய திட்டம் எதனால் தளர்ந்தது, நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரமறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மூணாறு வாசகர்

நண்பரே, உங்கள் இருபது பக்கங்களில் நீங்கள் கண்ட குறையேதான் அந்தத் திட்டத்தையும் தளர வைத்தது என்பது என் கருத்து. 50 அணிகளுக்கும் மாநிலத்தின் பெயர் கிடைத்தது. ஆனால் பெரும்பாலான அணிகளுக்கு அந்த மாநிலத்தின் வழக்கும் வலியும் கிடைக்கவில்லை. ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டதாலேயே ஒருவன் அந்த ஊர்க்காரன் ஆகிவிடுவதில்லை.

அதே நிறுவனத்தின் கனடா நாட்டு அணியான ‘ஆல்ஃபா ஃப்ளைட்’டை எடுத்துப் பாருங்கள். 1979-இல் எக்ஸ்-மென் கதையில் அறிமுகமாகி, 1983-இல் தனி இதழாகி, 1994 வரை 130 இதழ்கள் வந்தது. அதில் வரும் நார்த்ஸ்டாரும் அரோராவும் பிரெஞ்சு பேசும் கியூபெக்கைச் சேர்ந்த இரட்டையர்கள். நார்த்ஸ்டாருக்குக் கியூபெக் பிரிவினை இயக்கத்தோடு பழைய தொடர்பும் உண்டு. கனடாவின் பெயரால் போராட வேண்டிய அணிக்குள்ளேயே கனடாவின் மொழிச் சிக்கல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கதையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

உங்கள் மூணாற்று இளைஞனுக்கு என்ன ஆற்றல் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எங்கள் லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். அந்தச் சுவரில் காதை வைத்து வளர்ந்தவனுக்கு மண்ணுக்குள் நடப்பதைக் கேட்கும் ஆற்றல் வரட்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு எங்கள் மூணாற்றுப் பகுதியில் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. மின்சாரமும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. அதனால் வெளியுலகுக்குச் செய்தி எட்டவே மறுநாள் காலை ஆகிவிட்டது. மண் நகர்வதை அவன் கேட்டுவிட்டான், ஆனால் சொல்லி அனுப்ப வழியில்லை என்றால் என்ன செய்வான்? அவனுடைய ஆற்றலின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை எங்கள் மலையே சொல்லிவிடுகிறது. அந்தத் துயரத்தை மட்டும் சண்டைக் காட்சியாக ஆக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 2: நகரி வாசகர்

முதலில் உரிமை பற்றி ஒரு வார்த்தை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்குத்தான் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே வட்டாரத்துக்கு ஓர் அணி என்ற கருத்தைத் தாங்கள் தாராளமாகக் கையாளலாம். மார்வெலின் பாத்திரங்கள், பெயர்கள், சின்னங்கள் எதுவும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: அண்டை மாநிலத்தை வில்லனாக்கிவிடாதீர்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. கோடு மாறியது, கோட்டின் இருபுறமும் கொண்டு கொடுத்த உறவு மாறவில்லை. எங்கள் தெருவில் விசைத்தறிக்கு முன்னால் நிற்பவர், அறுந்த இழையை முடிந்துகொண்டே மனைவியிடம் தமிழிலும், நூல் கொண்டுவந்தவரிடம் தெலுங்கிலும் மூச்சு விடாமல் பேசுவார். எந்த மொழியில் பேசுகிறோம் என்ற நினைவே அவருக்கு இருக்காது. தங்கள் நகரி நாயகர் இப்படிப் பேச வேண்டும். தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே பேச்சுப் பலூனுக்குள் எழுதுங்கள். கீழே பொருள் தர வேண்டாம். சித்திரக்கதையில் அதைப் படமே விளக்கிவிடும்.

பதில் 3: வேலந்தாவளம் வாசகர்

மூன்று பேரையும் முதல் இதழிலேயே சேர்த்துவிடாதீர்கள் அண்ணா. மூணாறு எங்கே, நகரி எங்கே? அவர்கள் சந்திக்க ஒரு காரணம் தானாக வந்து சேரும்வரை ஒவ்வொருவரையும் அவரவர் ஊரிலேயே நடமாட விடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த இருபது பக்கங்களையும் எடுத்து வைத்துவிட்டேன். முதல் இதழ் கொழிஞ்சாம்பாறைப் பெண்ணின் கதையாக மட்டுமே இருக்கும்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாக எங்கள் ஆற்றுக்கு வர வேண்டும். அந்த எண்ணை எங்கள் பக்கத்து விவசாயிகளில் பலர் தங்கள் வீட்டுக் கதவு எண்ணைப் போல மனப்பாடமாகச் சொல்வார்கள். தண்ணீரில் கை வைத்தால் அது வந்த வழி முழுவதையும் அறியும் ஆற்றலை அவளுக்குத் தரப்போகிறேன். மேலே மலையில் பெய்த மழை, அதைத் தேக்கிய அணை, திறந்த ஷட்டர், நடுவழியில் தண்ணீரை உறிஞ்சிய மோட்டார் என எல்லாமே அவளுக்குத் தெரியும். மோட்டார் வைத்தவர்களில் தமிழ்நாட்டு உறவினரும் இருப்பார், கேரளத்து உறவினரும் இருப்பார், அவளுடைய சொந்த மாமனும் இருப்பார். யாரைக் காட்டிக்கொடுப்பது என்பதுதான் அவளுடைய முதல் சண்டை. மண்ணின் ஓசையைக் கேட்கும் மூணாற்று இளைஞன், மழை பெய்த மலையைத் தேடி அவள் போகும்போது தானாகவே எதிர்ப்படுவான் என்று நினைக்கிறேன்.

முதல் கட்டத்தை நேற்று இரவே வரைந்துவிட்டேன். வெயில் ஏறாத காலை நேரம். அணைக்கட்டின் அளவுகோலில் படிந்த பாசியைத் தாவணி முனையால் துடைத்துவிட்டு, அவள் குனிந்து எண்ணைப் படிக்கிறாள். பலூன் எதுவும் வைக்கவில்லை.