மறு: ‘பேக்வர்ட் லிங்கேஜ்’ என்பதற்குப் ‘பின்னிணைப்பு’ பொருந்துமா?

> பேக்வர்ட் லிங்கேஜ் = பின்னிணைப்பு, ஃபார்வர்ட் லிங்கேஜ் = முன்னிணைப்பு. சரிதானே?

வேண்டாம் ஐயா. ஒரு துறை தன் உள்ளீடுகளுக்குப் பிற துறைகளைச் சார்ந்திருப்பது பேக்வர்ட் லிங்கேஜ்; அதன் பொருளைப் பிற துறைகள் உள்ளீடாக எடுத்துக்கொள்வது ஃபார்வர்ட் லிங்கேஜ். பின்னிணைப்பு என்றால் நூலின் கடைசிப் பக்கங்கள்தான் நினைவுக்கு வரும். அதைவிட வில்லங்கம் ‘பின்’னிலேயே இருக்கிறது, அது இடத்தையும் சுட்டும், காலத்தையும் சுட்டும். நெசவுக்குப் பின் வருவது தையல். நெசவுக்குப் பின்னால் நிற்பது நூற்பாலை. பொருளியலாளர் ஹிர்ஷ்மன் 1958இல் ‘பேக்வர்ட்’ என்று சொன்னது நூற்பாலை இருக்கும் பக்கத்தை. பாடநூல்களின் ‘பின்னோக்கு இணைப்பு’க்கும் இதே கோளாறு உண்டு.

துறைகள் ஒன்றிடம் ஒன்று வாங்கி விற்பதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் லியோன்டிஃப் அட்டவணையைப் பார்த்தே பெயர் வைக்கலாம். நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு துறை யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று தெரியும். நிரையை இடமிருந்து வலமாகப் படித்தால் யாருக்கு விற்றது என்று தெரியும். ஆகவே கொள்முதல் பிணைப்பு, விற்பனைப் பிணைப்பு.

துணி 100க்கு நூல் 40, நூல் 100க்குப் பருத்தி 50, பருத்திக்கு உள்ளீடு ஏதுமில்லை என்று கொள்வோம். துணித் தேவை 100 கூடினால் நூல் 40, பருத்தி 20. மொத்தம் 160, பெருக்கி (மொத்த உற்பத்தி உயர்வை முதல் தேவை உயர்வால் வகுத்தது) 1.6. நூலில் பாதி இறக்குமதியானால் 100 + 20 + 10, பெருக்கி 1.3தான். இறக்குமதியைக் கழிக்காத அட்டவணையை நம்பி முன்னுரிமைத் துறையைத் தேர்ந்தால் மானியம் இங்கே, வேலை வேறு நாட்டில். ‘உள்நாட்டு’ என்ற அடைமொழியும் ஒட்டும்படி சொல் அமைய வேண்டும். நூலுக்கான 40இல் வணிகர் பங்கும் வண்டிச்சத்தமும் கலந்திருந்தால் அவற்றை வணிக, போக்குவரத்து நிரைகளுக்கு மாற்றிவிட்டே கெழுவை (ஓர் அலகு உற்பத்திக்கு வேண்டிய உள்ளீட்டை) கணக்கிட வேண்டும்.

> கொள்முதல் பிணைப்பு, விற்பனைப் பிணைப்பு

நீங்கள் சொன்னதில் பிணைப்பு சரி, மற்ற இரண்டும் இடிக்கின்றன. கொள்கை ஆவணத்தில் கொள்முதல் என்றாலே அரசு கொள்முதல்தான். விற்பனையில் குடும்பங்களுக்கு விற்றதும் ஏற்றுமதியும் சேர்ந்துவிடும். நமக்கு வேண்டியது பிற துறைகள் உள்ளீடாக எடுத்துக்கொண்டது மட்டும்.

கொள்வினை கொடுப்பினை என்று பேசுகிற மொழியில் ஏன் தயக்கம்? கொள்பிணைப்பு, கொடுபிணைப்பு. உள்நாட்டுக் கொள்பிணைப்பு என்று தடங்கலின்றி நீளும்.

வரையறையில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். கொடுபிணைப்பை லியோன்டிஃப் நேர்மாறு அணியின் (ஒரு துறையின் இறுதித் தேவை ஓர் அலகு கூடினால் ஒவ்வொரு துறையும் எவ்வளவு உற்பத்தி கூட்ட வேண்டும் என்று காட்டும் அணியின்) நிரைக் கூட்டலாக எழுதுவது பழைய வழக்கம். அது உப்புக்கும் உருக்குக்கும் இறுதித் தேவை ஆளுக்கு ஓர் அலகு கூடுவதாகக் கொள்கிறது, நடக்காத காரியம். பொருளியலாளர் கோஷ் பெயரிலான முறையில், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் விற்ற துறையின் மொத்த உற்பத்தியால் வகுத்துத் தொடங்குவதே பொருத்தம். இரண்டு எண்களும் ஒத்துப்போகா. எந்த முறை என்பதை அடைப்புக்குறிக்குள் குறித்தாக வேண்டும்.