பைத் தண்ணீரில் சயனைடு தேடிய கதை

சிங்கப்பூரில் இருக்கிறேன், வீட்டில் ஒன்பது வருடமாகக் கடல்மீன் தொட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் புளூ டேங் என்ற நீல மீன் ஒன்று வாங்கினேன், 70 வெள்ளி. கடையில் இருந்த எட்டு மீனில் இதுதான் கண்ணைப் பறித்தது, அப்படி ஒரு நீலம். வந்த அன்றைக்கே கடற்பாசித் தாளைக் கொத்தித் தின்றது, நான்கு நாளும் ஒரு குறையும் இல்லை, ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பாறைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடக்கிறது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, செதில் கலையவில்லை. தண்ணீரைச் சோதித்தேன், அதுவும் சரியாகவே இருந்தது.

கடைக்காரரிடம் சொன்னதும் "இந்தோனேசியா மீன், அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் சயனைடாக இருக்கும் என்றார். பிலிப்பைன்ஸில் 1960-களிலேயே தொடங்கிய வேலையாம். சோடியம் சயனைடு மாத்திரையைப் பொடித்துக் கடல் தண்ணீரில் கரைத்து, பீச்சுகிற பாட்டிலில் ஊற்றிக்கொண்டு இறங்குவார்கள். பவளத்தின் இடுக்கில் பீச்சினால் உள்ளே ஒளிந்திருக்கும் மீன் மயங்கிவிடும், கையாலேயே அள்ளலாம். பிழைக்கிற மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கொஞ்ச நாள் கழித்துச் சாகும் என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மீனின் உடம்பு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியே விடும் என்று படித்தேன். தயோசயனேட்டில் ஃபெரிக் குளோரைடு விட்டால் ரத்தச் சிவப்பு வரும், பள்ளிக்கூடத்தில் செய்த அதே சோதனை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று அடுத்த மீன் வாங்கியபோது, கடையில் மீனைக் கட்டிக் கொடுத்த பையின் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்தேன். சோதனைக் குழாயில் ஊற்றி இரண்டு சொட்டு விட்டேன். விட்ட உடனே செம்பழுப்பாகக் கலங்கியது! கை நடுங்கப் படம் எடுத்து, வேதியியல் ஆசிரியராக இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன்.

அவன் கேட்டது ஒன்றுதான்: "மீனே போடாத உப்புத் தண்ணீரில் செய்து பார்த்தாயா?" செய்தேன். அதே செம்பழுப்பு. "அது துருடா. கடல் தண்ணீர் காரம், அதில் இரும்பு உப்பைப் போட்டால் துருவாகத்தான் படியும். கொஞ்சம் அமிலம் விடு." விட்டதும் கலங்கல் கரைந்து இரண்டு குழாயும் ஒரே வெளிர்மஞ்சளாக நின்றன. அப்போ சயனைடு இல்லையா என்றால், அதையும் இதை வைத்துச் சொல்ல முடியாதாம். உங்களில் யாருக்காவது இந்த மாதிரி அனுபவம் உண்டா?

* * *

அண்ணே, சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கேயும் ஒருவர் தொட்டித் தண்ணீரை பெப்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து இதையே கேட்டார், திருப்பி அனுப்பினோம்.

பிலிப்பைன்ஸில் இதற்கென்றே ஆய்வகங்கள் இருந்தன, அந்நாட்டு மீன்வளத் துறையும் இன்டர்நேஷனல் மரைன்லைஃப் அலையன்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்து நடத்தியவை. 1993 முதல் 2001 வரை 48,000-க்கு மேல் மாதிரிகளைப் பார்த்தார்கள். ஆனால் அதற்கு மீனைக் கொல்ல வேண்டும். அரைத்து, அமிலம் சேர்த்துக் காய்ச்சி, வருகிற ஆவியைக் காரத்தில் பிடித்து, மின்முனை வைத்து அளப்பது. பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே செய்தால்தான் பிரயோஜனம், உங்கள் கைக்கு வரும்போது மீன் எத்தனை கை மாறியிருக்கும்!

2012-இல் போர்ச்சுகலின் அவெய்ரோ பல்கலைக்கழகத்தார், மீனைக் கொல்லாமல் அது நீந்தும் தண்ணீரிலேயே தயோசயனேட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்கள். எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. பிறகு வேறு ஆய்வகங்கள் முயன்றபோது அது கைகூடவில்லை. 2019-இல் வந்த ஒரு ஆய்வில் க்ளவுன் மீனை (கிளார்க் வகை) 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) சயனைடில் 45 வினாடி வைத்துப் பார்த்தார்கள். ரத்தத் திரவத்தில் தயோசயனேட் உச்சத்துக்குப் போனதே சுமார் 2 பிபிஎம் வரைதான், அதுவும் சுமார் ஒரு நாளில் பாதியாகிறது. ரத்தத்திலேயே அவ்வளவுதான் என்றால், ஒரு பை தண்ணீரில் கரைந்த பிறகு உங்கள் இரண்டு சொட்டுக்கு என்ன சிவப்பு வரும்?

இன்னொன்று. ஐந்தாம் நாள் செத்தால் சயனைடு என்று முடிவு கட்டாதீர்கள். கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா இருந்தாலும் அவ்வளவு கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு போய் பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். திறந்து வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் மீனைப் பழக்குகிறோம் பாருங்கள், அங்கேயே செவுள் வெந்துவிடும். உங்கள் புளூ டேங்கை எப்படிப் பழக்கினீர்கள்?

* * *

நான் டைவிங் போகிறவன். வடக்கு பாலியில் லெஸ் என்று ஒரு மீனவ ஊர், அங்கே ஒரு வாரம் தங்கினேன். அந்த ஊரே ஒரு காலத்தில் சயனைடு வைத்துத்தான் அலங்கார மீன் பிடித்தது, 2000-ஐ ஒட்டி வலைக்கு மாறினார்கள். வயதான ஒரு மீனவர் தன் வலையைக் காட்டினார். கொசுவலை மாதிரி மெல்லியது, ஓரத்தில் ஈயக் குண்டு. பவளத்தைச் சுற்றி வேலி போல நிறுத்திவிட்டு மீனை மெதுவாக ஓட்டுவாராம். "பாட்டில் இருந்தபோது வேலை சுலபம், ஆனால் அடுத்த வருடம் அதே பாறையில் மீன் இல்லை" என்றார். எப்படிச் சோதிப்பது என்று நானும் கேட்டேன். "நான் இறங்கும்போது கூட வந்து பார்" என்று சிரித்தார்.

* * *

தங்கச்சி, ஒரு மணி நேரமா? இரண்டு மணி நேரம் பழக்கினேன், பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாக. அப்படியென்றால் அந்த மீனைக் கொன்றது நானாகவே இருக்கலாம்.

இப்போது தொட்டியில் இருப்பது பண்ணையில் பொரித்த க்ளவுன் ஜோடி மட்டும்தான். புளூ டேங்கையும் 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள், ஆனால் நான் போகிற கடைகளில் அந்த மீன் இன்னும் என் கண்ணில் படவில்லை. போன வாரம் கடைக்காரரிடம், வலையில் பிடித்ததா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வாங்குகிறீர்களா இல்லையா?" என்றார்.