'இகிரு': துக்க வீட்டுக் காட்சி நீளமா, ஷிமுரா நடிப்பு மிகையா?

பழைய ரீல்:
நேற்று இரவு ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'இகிரு' (1952) படத்தை மறுபடி பார்த்தேன். கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: நகராட்சியில் மக்கள் குறை கேட்கும் பிரிவின் தலைவர் வதானபே, 30 வருடமாகக் காகிதத்தில் முத்திரை குத்துவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, கழிவுநீர் தேங்கும் ஓர் இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா கட்டிவிட்டுச் சாகிறார்.

தொடக்கத்தில் ஒரு சின்ன விஷயம், முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் கண்ணில் படாது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முத்திரையைத் துடைக்கிறார். அலுவலக வேலையை எப்படிச் சீராக்கலாம் என்று 20 வருடத்துக்கு முன்பு அவர் எழுதிய திட்டம் அது! வதானபேயாக நடிக்கும் தகாஷி ஷிமுரா அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கதை முழுக்கத் தெரிந்த பிறகு அந்த ஒரு துடைப்பு என்னை உலுக்கிவிட்டது. மறுபடி பார்க்க வேண்டிய படம் ஒன்று சொல்லுங்கள் என்றால் எனக்கு இதுதான்.

நடுப்பெஞ்சு:
படம் பெரிய படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷிமுராவை இந்த அளவுக்குத் தூக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை நண்பரே. எந்நேரமும் விரிந்த கண், தொண்டைக்குள் சிக்கிய குரல், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நமக்கு மூச்சு முட்டுகிறது. பார்ப்பவனை அழவைத்தே தீருவேன் என்று நிற்கிற நடிப்பு அது. 2022-இல் எழுத்தாளர் இஷிகுரோ திரைக்கதையில் வந்த இதன் ஆங்கில மறுஆக்கம் 'லிவிங்' பாருங்கள், அதே பாத்திரத்தை பில் நை எவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார். இன்னொன்று, 143 நிமிடப் படத்தில் நாயகன் இறந்த பிறகும் ஏறக்குறைய 50 நிமிடம் துக்க வீட்டில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே கை ரிமோட்டுக்குப் போய்விடும்.

மழைக்குருவி:
எனக்கும் அந்தத் துக்க வீடு முதல் தடவை இழுவையாகத்தான் இருந்தது. ஆனால் 'லிவிங்' உடன் ஒப்பிடுவது சரியில்லை. அந்த ஆங்கிலேயருக்கு அடக்கமே இயல்பு, வதானபேயின் சிக்கல் வேறு. 30 வருடம் மனசில் இருப்பதைப் பேசியே பழக்கமில்லாத மனிதர், இப்போது பேசியே ஆக வேண்டும், வார்த்தை வரவில்லை.

பழைய ரீல்:
மழைக்குருவி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நடுப்பெஞ்சு, 'செவன் சாமுராய்' (1954) பார்த்திருப்பீர்கள். அதில் சாமுராய்களுக்குத் தலைவராக, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, ஒரு அவசரமும் இல்லாமல் நிற்கிற காம்பேய் இதே ஷிமுராதான். 'இகிரு' எடுத்தபோது வயது 50-கூட ஆகவில்லை, இரண்டே வருடத்தில் ஆளே வேறு. அதே 1954-இல் 'காட்ஜில்லா'வில் விஞ்ஞானியாகவும் வந்தார். ஆக அந்தக் கூனலும் விழுங்கிய குரலும் அவருடைய பழக்கம் இல்லை, இந்தப் பாத்திரத்துக்காக உருவாக்கியவை.

அடக்கம் வேண்டும் என்கிறீர்கள், அதுவும் இருக்கிறது, நீங்கள் ஓட்டிவிடுகிற பகுதியில்தான். பூங்கா இடத்துக்காக ரவுடிகள் வந்து உயிர்மேல் ஆசை இல்லையா என்று மிரட்டுகிறார்களே, அவர் ஒரு வார்த்தை பேசாமல் சிரிக்கிறார். மாதக்கணக்கில் உயிரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் அதைக் கேட்கிறார்கள்! அங்கே என்ன மிகை இருக்கிறது?

நடுப்பெஞ்சு:
சரி, அந்தச் சிரிப்பை ஒத்துக்கொள்கிறேன். காம்பேய் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம், அதனால்தான் இந்தப் படத்தில் அவர்மேல் கோபமே வருகிறது. ஆனால் துக்க வீட்டில் அத்தனை பேர் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பேச வேண்டுமா?

மழைக்குருவி:
பேச வேண்டும். இதோ ஒருவர் போய்விட்டார், அவர் செய்த வேலைக்குத் துணை மேயர் பெயர் வாங்கிக்கொள்கிறார், கூட வேலை பார்த்தவர்கள் ஆமாம் சாமி போடுகிறார்கள். அப்போது அந்தச் சாக்கடைப் பகுதிப் பெண்கள் வந்து, ஒன்றும் பேசாமல், வதானபேயின் புகைப்படத்துக்கு முன்னால் அழுதுவிட்டுப் போகிறார்கள். அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் தாத்தா இறந்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவரிடம் உதவி வாங்கிய ஒரு அம்மா ஓரமாக வந்து அழுதுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான் தாத்தாவைப் பற்றி எங்களுக்கே தெரியாதது ஒன்று இருந்தது என்று புரிந்தது. படத்தில் கடைசியில் போலீஸ்காரர் வதானபேயின் தொப்பியைக் கொண்டுவந்து, அவர் பனியில் ஊஞ்சலாடிப் பாடிக்கொண்டிருந்ததைச் சொல்கிறாரே, அதற்கு முன்னால் அவ்வளவு வீண் பேச்சு இருந்தால்தான் அந்த ஊஞ்சல் நம்மை அடிக்கும்.

நடுப்பெஞ்சு:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ரிமோட்டை எடுக்காமல் துக்க வீட்டை முழுக்கப் பார்த்தேன். மதுக்கடையில் கண்ணீர் வழிய அந்தப் பழைய காதல் பாட்டைப் பாடுகிற இடம் எனக்கு இன்னமும் அதிகம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதே பாட்டை ஊஞ்சலில் பாடும்போது முகத்தில் அந்தப் பிதுங்கல் இல்லை, குரல் லேசாக இருக்கிறது, நிம்மதியாக ஆடுகிறார். இந்த வித்தியாசத்தை நான் இதுவரை கவனித்ததே இல்லை. அப்புறம் வதானபேயின் கீழ் வேலை பார்த்த அந்த கிமுரா, அலுவலகத்தில் மறுபடியும் ஒரு புகாரை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்து நாற்காலியை விட்டு வெடுக்கென்று எழுந்து, எல்லோரும் பார்த்ததும் அப்படியே காகிதக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறானே. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.