முத்துலட்சுமி ரெட்டி: தேர்ந்தெடுக்கப்பட்டவரா, நியமிக்கப்பட்டவரா?

போட்டித்தேர்வர்:
சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஒரு கையேட்டில் 1926 தேர்தலில் வென்றவர் என்றும், இன்னொன்றில் 1927இல் மேலவைக்கு நியமிக்கப்பட்டவர் என்றும் இருக்கிறது. தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு 1929, 1930, 1947 என மூன்று ஆண்டுகள் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பழைய ஏடு:
நியமனம்தான். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இலேயே வந்துவிட்டது. ஆனால் வேட்பாளராக நிற்கும் உரிமை 1926இல்தான் கிடைத்தது. அந்தத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப ஓட்டில் தோற்றார். அதன் பிறகு கவர்னர் நியமித்த உறுப்பினராகத்தான் முத்துலட்சுமி சட்டசபைக்குள் போனார்.

'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1927இல் உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகச் சபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் வருவதுதான் உங்கள் முதல் கையேடு.

'மேலவை' என்று எழுதாதீர்கள். அன்றைக்கு இருந்தது ஒரே சபை. இரண்டு அவைகள் 1937இல்தான் வந்தன.

வைகைக்கரை:
சட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுமே சரி, ஆனால் மூன்றும் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். பொட்டுக்கட்டிய, அதாவது கோயிலுக்குத் தேவதாசியாக அர்ப்பணிக்கப்பட்ட, பெண்ணுக்குக் கோயில் மானிய நிலம் உண்டு. கோயில் சேவை நின்றால் நிலமும் போய்விடும். அதனால் அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் குடும்பத்தில் தங்கும். வெறும் தடை போட்டால் சோற்றுக்கு வழி இல்லாமல் போகும், அல்லது ரகசியமாக நடக்கும்.

1929இல் வந்தது இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். சேவைக் கட்டுப்பாட்டிலிருந்து நிலத்தை அது விடுவித்தது. சேவைக்குப் பதில் தீர்வை கட்டிவிட்டு நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். பொட்டுக்கட்டுவதை அது தடை செய்யவில்லை. முத்துலட்சுமியின் வேலையிலேயே கெட்டிக்காரத்தனமானது இந்தத் திருத்தம்தான் என்பேன், கையேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

தடைக்கான மசோதா 1930. அந்த ஆண்டு மே மாதம் காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார், மசோதா கிடப்பில் போனது. தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில். அப்போது முத்துலட்சுமி சபையில் இல்லை. சிறுமிகளைப் பாலியல் தொழிலில் தள்ளிவிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளில் ஏற்கெனவே குற்றமாக இருந்தது. வயது வந்த பெண் சம்மதித்தாலும் பொட்டுக்கட்டுவது செல்லாது என்றது 1947 சட்டம். ஏற்கெனவே பொட்டுக்கட்டியவர் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றும் சொன்னது.

போட்டித்தேர்வர்:
'இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதலாமா?

பழைய ஏடு:
'பிரிட்டிஷ் இந்தியாவின்' என்று எழுதுங்கள். சமஸ்தானக் கணக்கு தனி. திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922லேயே நியமன உறுப்பினர்.

'முதல் பெண் மருத்துவர்' என்றும் சில இடங்களில் ஓடுகிறது, அது தப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி பட்டம் பெற்றது 1912. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் 1886லேயே முடித்துவிட்டார்கள்.

வைகைக்கரை:
தேர்தலில் வென்று வந்தவர் வேண்டுமென்றால் ருக்மிணி லட்சுமிபதியை எழுதுங்கள். 1937இல் சட்டமன்றத் துணை சபாநாயகர், 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர், மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரும் அவரே. முத்துலட்சுமி, ருக்மிணி இரண்டு பேரையும் மாற்றிப் போட்டுத்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.